காட்சிக்கு வைத்தல் எதன்பொருட்டு?
ஆனந்த குமாரசுவாமியின் நூதனசாலைச் சிந்தனையும் ஹந்தானைச் சாரலும்

ஈழத்துத் தமிழர் பெருமையோடு நினைவுகூரும் அறிஞர் வரிசையில் ஆனந்த குமாரசுவாமிக்கு (1877-1947) நிலையான ஓர் இடமுண்டு. பரிசளிப்பு விழாக்களிலும் நினைவுப் பேருரைகளிலும் அவர் பெயர் தவறாது ஒலிக்கும். நடராச வடிவத்தின் தத்துவத்தை மேனாட்டாருக்கு உணர்த்தியவர் என்று கூறுவதோடு அவ்வுரைகள் பெரும்பாலும் அமைதி கண்டுவிடும். அவர் முப்பது ஆண்டுகள் ஒரு நூதனசாலையில் பணிபுரிந்தவர் என்பதும், அப்பணியில் இருந்துகொண்டே நூதனசாலை என்னும் நிறுவனம் எதற்காக இருக்க வேண்டும் என்று கேட்டவர் என்பதும் நம்மிடையே அதிகம் பேசப்படுவதில்லை. அக்கேள்விக்கு அவர் முழு வடிவம் கொடுத்தது அமெரிக்காவில். ஆயினும் அதன் வித்து கண்டி மலைநாட்டில் அவர் அலைந்து திரிந்த ஆண்டுகளில் விழுந்தது என்றே கருத இடமுண்டு. அவ்வாறாயின் அக்கேள்வியை மீண்டும் இம்மலைநாட்டுக்குக் கொண்டுவந்து, இங்குள்ள காட்சிச்சாலைகளின் முன் வைத்துப் பார்ப்பது பொருத்தமாகும். இக்கட்டுரை அத்தகையதொரு முயற்சி.

தொடங்குமுன் சொல்லைப் பற்றி ஒன்று. தமிழகத்தார் அருங்காட்சியகம் என்பதை நாம் நூதனசாலை என்கிறோம். நூதனம் என்றால் புதுமை. பழம்பொருள்கள் உறையும் வீட்டுக்குப் புதுமையின் பெயரை யார் இட்டனரோ அறியோம். புழக்கத்தில் உள்ள பொருளை எவரும் நூதனம் என்பதில்லை. பழக்கம் அற்றுப்போன பின்னரே அது கண்ணுக்குப் புதுமையாகின்றது. குமாரசுவாமி பல பக்கங்களில் விளக்க முற்பட்ட ஓர் உண்மை நமது சொல்லுக்குள் முன்பே ஒளிந்திருந்தது போலும்.

குமாரசுவாமி கலை தேடி இலங்கைக்கு வந்தவரல்லர். கொழும்பிற் பிறந்து, இரண்டு வயது நிரம்புமுன் தந்தையார் சேர் முத்துக்குமாரசுவாமியை இழந்து, ஆங்கிலேயத் தாயாரின் நாட்டில் வளர்ந்தவர். இலண்டனில் புவிச்சரிதவியலும் தாவரவியலும் கற்று, கனிப்பொருள் ஆய்வுத் திணைக்களத்தின் பணிப்பாளராக 1903 தொடக்கம் 1906 வரை இங்கு கடமையாற்றினார். தோரியனைற்று என்னும் கனிப்பொருளை இனங்கண்டவரும் அவரே. கல்லைத் தேடிச் சென்றவர் வழியில் மனிதரைக் கண்டார். கருமாரையும் ஓவியரையும் பாய் இழைப்போரையும் வெண்கலம் வார்ப்போரையும் அவர்தம் பட்டறைகளிலும் முற்றங்களிலும் கண்டார். கண்டவற்றைத் தம் கையாலே வரைந்துகொண்டார். துணைவியார் எதெல் நிழற்படங்கள் எடுத்தார். குமாரசுவாமி கோடுகளால் சிந்திக்கத் தெரிந்தவர். அவர் தீட்டிய சித்திரங்கள் 1920இல் தனித்தொகுதியாக வெளிவந்தமை பலரும் அறியாத செய்தி. எனவே அவரைக் கலை வரலாற்றாசிரியர் என்பதோடு நிறுத்தாமல், பயணத்திற் கண்டதைக் கண்ணாலும் கையாலும் உள்வாங்கிய கலைஞர் என்றும் கொள்வதில் தவறில்லை.

அப்பயணங்களின் விளைவே ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ என்னும் பெருநூல். 1908இல் முற்றுப்பெற்ற அந்நூலின் 425 பிரதிகளையும் இங்கிலாந்திலே, வில்லியம் மொரிஸ் பயன்படுத்திய கையச்சு இயந்திரத்தில் அச்சிட்டனர். அந்நூலைக் கையிலெடுப்பவர் அதன் ஒழுங்கைக் கவனித்தல் வேண்டும். கலைப்பொருள்களின் அழகைப் பாராட்டுவதற்கு முன்பு அவற்றைச் செய்தோர் யார், எந்த நிலத்தின் வருவாயில் வாழ்ந்தனர், எவருக்கு என்ன சேவை செய்யக் கடமைப்பட்டிருந்தனர், எக்கருவிகளைக் கையாண்டனர், தொழில் தொடங்கும்போது என்ன சடங்கு செய்தனர் என்பனவற்றை ஆசிரியர் விரிவாகப் பேசுகின்றார். புத்தர் திருவுருவத்துக்குக் கண் திறக்கும் சடங்கை அவர் விவரிக்கும் பகுதி மனங்கொள்ளத்தக்கது. ஓவியன் உருவத்தை நேரே நோக்காது கண்ணாடியிற் பார்த்தே விழியைத் தீட்டுகின்றான். அதுவரை மண்ணும் சுதையுமாக இருந்தது அக்கணத்தின் பின் வணக்கத்துக்குரியதாகின்றது. ஒரு பொருள் எப்போது முழுமையடைகின்றது என்பதற்குக் குமாரசுவாமி பெற்ற முதற்பாடம் இதுவாயிருக்கலாம். கண்டிக்கு அண்மையிலுள்ள தெகல்தொருவைக் குகை விகாரையின் ஓவியங்களை எழுதியோருள் தேவரகம்பொல சில்வத்தென்ன உன்னான்சே என்பவர் ஒருவர் எனப் பெயர் குறித்துச் சொன்னவரும் குமாரசுவாமியே. பதினெட்டாம் நூற்றாண்டிற் கீர்த்திசிறீ இராசசிங்கன் காலத்தில் எழுதப்பட்ட அச்சுவர்களில் வெசந்தர சாதகமும் மாரனுடைய படையெழுச்சியும் இன்றும் உள்ளன. பூத்தட்டோடு வருபவர் அவற்றைக் கடந்தே உள்ளே செல்கின்றனர். அங்கே ஓவியத்தைப் பார்ப்பதற்காகவென்று எவரும் வருவதில்லை என்று கூறின் அது மிகை. எம்போன்ற மாணவர் வருகின்றனர். எனினும் அச்சுவர் எம்மை எதிர்பார்த்து எழுதப்பட்டதன்று என்பதை அங்கு நிற்கும்போது உணராதிருத்தல் இயலாது.

1941இல் அமெரிக்க நூதனசாலையாளர் முன்னிலையில் குமாரசுவாமி நிகழ்த்திய உரையும், அதனை முதலாகக் கொண்டு 1943இல் வெளிவந்த நூலும் இவ்வுணர்விலிருந்து பிறந்த வாதமாகும். கலைப்பொருளைக் காட்சிக்கு வைப்பது எதற்காக என்பதே உரையின் பொருள். அவரது வாதத்தை எமது சொற்களிற் சுருக்கின் இவ்வாறு அமையும். நூதனசாலையில் இன்று நாம் வியக்கும் பொருள்களுள் எதுவும் நூதனசாலைக்கென ஆக்கப்பட்டதன்று. ஒவ்வொன்றும் ஒரு தேவைக்காக, அத்தேவையை உணர்ந்த ஒருவருக்காக, தொழிலறிந்த ஒருவராற் செய்யப்பட்டது. உடலின் தேவையையும் உள்ளத்தின் தேவையையும் அக்காலத்தார் பிரித்துப் பார்க்கவில்லை. கிண்ணம் நீர் குடிப்பதற்கும் உதவிற்று. அதன் விளிம்பிலுள்ள கோலம் நினைப்பதற்கும் உதவிற்று. ஆதலால் அப்பொருளைக் கண்டு கண்குளிர்ந்து திரும்புவது போதாது. அது எதற்கு ஆக்கப்பட்டது, என்ன பொருள் சொல்லிற்று என்று அறிவதே பார்வையாளன் கடமை. அதனை அறிவிப்பதே காப்பாளன் கடமை. மகிழ்வூட்டுவது நூதனசாலையின் வேலையன்று. வாழும் கலைஞரின் படைப்புக்களை வாங்கித் தொங்கவிடுவதும் அதன் வேலையன்று. நூதனசாலைச் சுவரை மனத்திற் கொண்டு ஒருவன் படம் எழுதுவானாயின் அவனுக்கும் சமூகத்துக்கும் இடையிலே ஏதோ அறுந்துபோயிற்று என்பதே அதன் பொருள்.

இவ்வாதத்தின் வலிமையை உணர்தற்குக் கொழும்பு தேசிய நூதனசாலையில் உள்ள பொலன்னறுவை வெண்கலங்களை எண்ணிப் பார்த்தல் போதும். இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் மண்ணிலிருந்து வெளிப்பட்ட இவ்வுருவங்களைப் பற்றிக் குமாரசுவாமி 1914இல் ஒரு நூலே எழுதினார். நடராசரின் விரிந்த சடை, தூக்கிய திருவடி, நாயன்மாரின் உடலிற் ததும்பும் பணிவு ஆகியவற்றைப் பார்த்து மெய்ம்மறவாதார் இல்லை. ஆனால் இத்தகைய உலாத் திருமேனிகளின் பீடங்களைக் கூர்ந்து நோக்கினால் துளைகளோ வளையங்களோ காணப்படும். கழிகளைச் செலுத்திக் கட்டித் தோளிலே தூக்கிச் செல்வதற்காக அவை அமைக்கப்பட்டன. வீதியுலா வரும்போது பட்டும் பூமாலையும் அணிகலனும் திருமேனியை மூடிவிடும். முகமும் கையும் மாத்திரமே வெளித்தெரியும். நாம் இன்று கண்ணாடிக்கு இப்பாலிருந்து வியந்து நிற்கும் இடையின் வளைவையும் முதுகின் ஒழுக்கையும் அன்றைய அடியார் காணவில்லை. செய்தவன் அதை அறிந்திருந்தும் குறைவைக்காமற் செய்தான். அவன் யாருக்காகச் செய்தான் என்ற கேள்விக்குக் குமாரசுவாமியின் நெறியில் நின்றே விடை காணல் முடியும். அழகியல் நோக்கு மாத்திரம் கொண்டோருக்கு அக்கேள்வியே எழாது.

ஆயின் இதே எடுத்துக்காட்டு வேறொன்றையும் சொல்கின்றது. வழிபாட்டில் இருந்த வெண்கலம் தேயும். நாள்தோறும் நடக்கும் அபிடேகமும் தேய்த்துத் துலக்கும் கைகளும் மூக்கின் கூர்மையையும் விரலின் நுனியையும் நூற்றாண்டுகளில் மழுக்கிவிடும். பொலன்னறுவைத் திருமேனிகள் நமக்குத் தெளிவாகக் கிடைத்தமைக்குக் காரணம் அவை வழிபாட்டிலிருந்து நீங்கி மண்ணுக்குள் கிடந்தமையே. பயன்பாடு பொருளுக்கு உயிர் கொடுக்கின்றது, உருவைத் தின்னவும் செய்கின்றது. குமாரசுவாமி முதலாவதை வற்புறுத்திய அளவுக்கு இரண்டாவதைப் பேசவில்லை. பிரான்சியச் சிற்பி ரொடான் சென்னை நூதனசாலையின் நடராசர் பற்றி 1913இல் எழுதிய குறிப்பு இங்கே நினைவுக்கு வருகின்றது. அவர் கண்டது நிழற்படங்களை மாத்திரமே. கோயிலிலிருந்து நூதனசாலைக்கும், நூதனசாலையிலிருந்து நிழற்படத்துக்கும் இடம்பெயர்ந்த ஓர் உருவம் அத்தனை பிரிவுகளுக்குப் பின்னரும் ஒரு பெருங்கலைஞனை உலுக்கியதாயின், பயன்பாட்டோடு பொருளின் ஆற்றல் முடிந்துவிடுவதில்லை என்றுதானே கொள்ளவேண்டும்? குமாரசுவாமியின் கொள்கையில் இதற்குத் தகுந்த இடம் இல்லை.

அவருடைய வாழ்க்கையும் அவர் கொள்கையோடு முற்றும் ஒத்துப்போகவில்லை. 1905இல் கண்டிப் பிரதானிகளுக்கு விடுத்த பகிரங்கக் கடிதத்தில், பழைய விகாரைகளும் தேவாலயங்களும் கவனிப்பாரற்றுச் சிதைவதையும், திருத்தம் என்ற பெயரிற் கெடுக்கப்படுவதையும் எடுத்துக்காட்டி அவற்றைக் காக்குமாறு வேண்டினார். மரபு உயிரோடிருந்தால் பழைய சுவரை அழித்துப் புதிதாக எழுதுவதும் மரபின் செயலே. தந்தை எழுதியதன் மேல் மகன் எழுதுவான். அதற்கு எவரும் வருந்தார். மகனுக்குத் தொழில் மறந்துவிட்டது என்று தெரிந்தபோதுதான் தந்தையின் சுவரைக் காக்கவேண்டும் என்ற எண்ணம் பிறக்கின்றது. இக்கடிதத்தில் நூதனசாலைக் காப்பாளன் ஒருவனின் குரல் முதன்முதல் ஒலித்தது எனலாம். பின்னர் வட இந்தியாவில் 1910, 1911ஆம் ஆண்டுகளில் அலைந்து, அலகபாத்துப் பொருட்காட்சியின் கலைப்பகுதியைப் பொறுப்பேற்று நடத்தி, இராசபுத்திர ஓவியங்களைப் பெருந்தொகையாகச் சேர்த்தார். அத்தொகுதியை வைத்துக் காசியில் தேசிய நூதனசாலை ஒன்று அமைக்க முன்வந்தார். அதற்கு ஆதரவு கிட்டவில்லை. 1917இல் டென்மன் ரொஸ் என்னும் செல்வந்தர் வழியாகத் தொகுதியின் பெரும்பகுதி பொஸ்ரன் நுண்கலை நூதனசாலையைச் சேர்ந்தது. குமாரசுவாமியும் அதன் காப்பாளராகச் சென்றார். ஓவியத்தை அதன் இடத்திலிருந்து பெயர்த்தவர்களுள் அவரும் ஒருவர். இதனை முரண்பாடு என்று கூறி நகைப்பது எளிது. காசியில் ஒரு கட்டடம் எழுந்திருந்தால் அவ்வோவியங்கள் இன்று எங்கே இருந்திருக்கும் என்று கேட்பதே பொறுப்பான செயல். வீடு இழந்த பொருளுக்கு நூதனசாலை புகலிடம் என்பதை அவர் பட்டறிந்தவர். ஆகவேதான் அவரது கண்டனத்தில் வெளியே நின்று கல்லெறிபவனின் இலகுவான கோபம் இல்லை.

இனிக் கண்டி நகருக்கு வருவோம். தலதா மாளிகைக்கு அருகே அரசியர் வாழ்ந்த பள்ளே வாசல் என்னும் அரண்மனைப் பகுதியில் 1942 முதல் தேசிய நூதனசாலை இயங்குகின்றது. பாக்குவெட்டிகள், சுண்ணாம்புக் கரண்டகங்கள், நகைகள், ஓலைச்சுவடிகள், படைக்கலங்கள் என்பன அங்கே காணத்தக்கன. சுண்ணாம்புக் கரண்டகம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். உள்ளங்கைக்குள் அடங்கும் சிறுடப்பா. அதன் மூடியிற் பொற்கொல்லன் ஒரு பெருங்கோயிலின் கூரைக்குரிய சிரத்தையோடு கோலம் செதுக்கியிருக்கின்றான். வெற்றிலை போடுவதற்கு இத்தனை அழகு எதற்கு என்று நம்மவர் கேட்பர். அக்கேள்வி பிறப்பதே நாம் எவ்வளவு தூரம் வந்துவிட்டோம் என்பதைக் காட்டும் என்பார் குமாரசுவாமி. இவ்வகையில் அந்நூதனசாலை அவர் நூலுக்கு எழுதப்பட்ட உரைபோல விளங்குகின்றது.

ஆனால் கண்டியின் தலையாய பொருள்கள் கண்டியில் இல்லை. 1693இல் ஒல்லாந்தர் கண்டியரசனுக்கு அளித்த சிங்காசனம் 1815இன் பின் இங்கிலாந்து சென்று, 1934இல் திரும்பிவந்து, கொழும்பு நூதனசாலையில் அமர்ந்தது. 1765இல் ஒல்லாந்தப் படையினர் அரண்மனையிற் கொள்ளையிட்டுச் சென்ற பொருள்களுள் ஒன்றாகக் கருதப்படும் அலங்காரப் பீரங்கியும் வேறு சில பொருள்களும் 2023இல் நெதர்லாந்திலிருந்து மீண்டன. அவையும் கொழும்பையே சேர்ந்தன. திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடைப்பட்ட பகுதியிற் கண்டெடுக்கப்பட்டதாகக் கூறப்படும் பொன்முலாமிட்ட தாரைத் திருவுருவமோ, தேசாதிபதி பிரவுண்றிக்கின் கையினூடாக 1830இற் பிரித்தானிய நூதனசாலையை அடைந்து இன்றும் அங்கேயே நிற்கின்றது. திரும்பக் கேட்பதும் திரும்பக் கொடுப்பதும் இன்று உலகெங்கும் நிகழ்கின்றன. நல்லதே. ஆயினும் திரும்பிவந்த பீரங்கி ஒரு கண்ணாடிப் பேழையிலிருந்து மற்றொரு கண்ணாடிப் பேழைக்கு மாறியதன்றி, எந்தப் பயன்பாட்டுக்கும் திரும்பவில்லை, திரும்பவும் இயலாது. உடைமை யாருடையது என்ற கேள்வியும் பொருள் எதற்கானது என்ற கேள்வியும் வேறுவேறானவை. முதற்கேள்விக்கு அரசுகள் விடை காண்கின்றன. இரண்டாவதைக் குமாரசுவாமியைப் போலக் கேட்பார் அரியர்.

ஹந்தானை மலைத்தொடரின் ஒரு சாரலில் எமது பல்கலைக்கழகம் அமைந்துள்ளது. கண்டி நகரை நோக்கிய சாரலில், 1925இற் கட்டப்பட்ட தேயிலைத் தொழிற்சாலை ஒன்று 2001 முதல் தேயிலை நூதனசாலையாக விளங்குகின்றது. தேயிலை உருட்டும் பொறிகளும் உலர்த்திகளும் பழைய எஞ்சின்களும் கீழ்த்தளங்களிலே துடைத்து மெருகிட்டு நிறுத்தப்பட்டுள்ளன. 1867இல் லூல்கந்துரையிற் தேயிலைப் பயிர்ச்செய்கையைத் தொடங்கிய ஜேம்ஸ் ரெயிலரின் பொருள்களுக்குத் தனியிடம் உண்டு. மேல்தளங்களில் தேயிலைக் கடைகளும் உணவகமும் உள்ளன. பொறியை அது இயங்கிய தொழிற்சாலையிலேயே காட்டுதல் பாராட்டத்தக்கது. பொருளும் இடமும் பிரியவில்லை. குமாரசுவாமி இயந்திரத் தொழிலை வெறுத்தவராயினும் இவ்வேற்பாட்டைக் குறைகூறியிரார். ஆனால் செய்தவர் யார் என்ற அவரது முதற்கேள்வியைக் கேட்டால் இந்நூதனசாலை தடுமாறுகின்றது. தொழிற்சாலையின் வாசலுக்குக் கொழுந்து வந்துசேர்ந்த பின்னரே அதன் கதை பெரும்பாலும் தொடங்குகின்றது. கொழுந்து எவ்வாறு வந்தது? துரைக்குப் பெயர் உண்டு, பொறியை வார்த்த கம்பனிக்குப் பெயர் உண்டு. கூடையைத் தலையில் மாட்டி மலையேறியவருக்குப் பெயர் இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டு ஓவியன் ஒருவனின் பெயரைத் தேடிப் பதிந்த குமாரசுவாமியின் முறை இங்கே கைக்கொள்ளப்பட்டிருப்பின் அச்சாலை வேறொரு தோற்றம் பெற்றிருக்கும்.

இவ்விடத்தில் குமாரசுவாமியிடமே ஒரு கேள்வியைத் திருப்புதல் தவிர்க்கவியலாதது. அவர் இம்மலைகளில் நடந்த ஆண்டுகளில் காடுகள் பெரும்பாலும் தோட்டங்களாகிவிட்டன. இலட்சக்கணக்கான தமிழ்த் தொழிலாளர் இங்கு வாழ்ந்தனர். அவரது கால்கள் பட்ட வழிகளுட் பல தோட்டப் பாதைகள். அவர்கள் மாரியம்மனுக்குக் கல் நட்டனர், காமன் கூத்தாடினர், தப்பு முழக்கினர். நூலின் பொருள் சிங்களக் கலை. ஆதலால் அவர்கள் அதில் இடம்பெறாமை குற்றமன்று. எனினும் பிற்காலத்தில் உலகக் கலை முழுவதையும் தழுவி எழுதியபோதும் அவர் பார்வை இப்பக்கம் திரும்பவில்லை. அவரது மைத்துனர் முறையான சேர் பொன்னம்பலம் அருணாசலம் 1919இல் தொழிலாளர் நலனுக்கெனச் சங்கம் அமைத்துத் தோட்டத் தொழிலாளரின் அடிமைநிலைக்கு எதிராகக் குரலெழுப்பினார் என்பதை நினைத்தால் இக்குறை மேலும் துலக்கமாகின்றது. காரணம் தனிமனித அலட்சியம் அன்று. கொள்கையிலேயே உள்ளது என்பது எமது கருத்து. குமாரசுவாமிக்குத் தொழில் என்பது பரம்பரையாக வருவது, குருவிடம் பெறுவது, கடவுளுக்கு ஒப்படைப்பது. கூலி என்னும் உறவு அவருக்கு வீழ்ச்சியின் அடையாளம். வீழ்ச்சிக்கு உட்பட்டோரின் கைகளிலும் ஆக்கம் உண்டாகலாம் என்பதை அவர் நோக்கு இடங்கொள்ளவில்லை.

பயன்பாடு என்ற சொல்லையும் அவர் ஐயுறவின்றிக் கையாண்டார். கண்டிய கைவினைஞன் அரசகாரியத்துக்குக் கட்டுப்பட்டவன். நிலம் பெற்றான், அதற்கீடாகச் சேவை செய்தான், அச்சேவை அவன் சாதியால் நிருணயிக்கப்பட்டது. அவ்வமைப்பில் பாதுகாப்பு இருந்தது என்று குமாரசுவாமி கூறுவதை மறுப்பதற்கில்லை. விலகிச் செல்லும் உரிமை இருந்ததா? தமிழ்ப் பிரதேசங்களிற் பறையை எடுத்துக்கொள்வோம். அது பயன்பாட்டில் இருந்தபொழுது சாவீட்டு வாசலில் நின்று அடிக்கவேண்டும் என்பது ஒரு சமூகத்தின்மீது சுமத்தப்பட்ட கடமையாக இருந்தது. அதை இனி அடியோம் என்று கீழே வைத்தவர்கள் மரபைச் சிதைத்தவர்களா? அப்பறையே இன்று மேடையில் விருப்போடு முழக்கப்படுகின்றது, வகுப்புக்களிற் பயிலப்படுகின்றது. கடமையாக இருந்தபோது அதற்கு இருந்த பயன் இப்போது இல்லை. இப்போது இருக்கும் மதிப்பு அப்போது இல்லை. பயன்பாட்டிலிருந்து நீங்குவது பொருளுக்கு இறப்பு என்ற சூத்திரத்தை இத்தகைய வரலாற்றோடு பொருத்துவது கடினம். சமுதாய உறவுகளை ஒதுக்கிவைத்துப் பொருளின் பயனை மாத்திரம் எடைபோடும் எந்தக் கொள்கையும் இவ்விடத்தில் இடறவே செய்யும்.

கம்பளைக்கு அண்மையில், தோட்டம் ஒன்றின் பழைய லயன் அறைகளில், கண்டியிலுள்ள சமூக அபிவிருத்தி நிறுவனம் 2007இல் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் நூதனசாலையை அமைத்தது. தொழிலாளர் வாழ்வின் அன்றாடப் பொருள்களும் ஆவணங்களுமே அங்குள்ள செல்வம். அரண்மனை நூதனசாலையிலிருந்து வருபவருக்கு இங்கு பார்ப்பதற்கு ஒன்றுமில்லை என்றே முதலிற் தோன்றும். மூடியிற் கோலம் இல்லை, பொன் இல்லை. ஆனால் குமாரசுவாமியின் அளவுகோலை நேர்மையோடு கையிலெடுத்தால், கண்டியைச் சூழவுள்ள காட்சிச்சாலைகளுள் அதற்கு மிக அண்மையில் நிற்பது இதுவே. ஒவ்வொரு பொருளும் எதற்கானது என்பதைத் தானே சொல்கின்றது. கொழுந்துக் கூடையின் ஆழம் பெண்ணொருத்தியின் முதுகின் அளவுக்கு அமைந்தது. கயிறு நெற்றியின் அளவுக்கு அமைந்தது. செய்தவனும் பயன்படுத்தியவளும் ஒரே லயத்தில் வாழ்ந்திருக்கலாம். தேவையும் வடிவமும் பிரியாதிருத்தல் என்று அவர் பக்கம் பக்கமாக எழுதியதை இக்கூடை ஒரே பார்வையில் விளக்கிவிடும். அவர் தேடிய இடத்தில் இல்லாமல், தேடாத இடத்தில் அது இருக்கின்றது.

இவ்வளவோடு அமைந்துவிட்டால் குமாரசுவாமியின் கொள்கை வென்றது என்று முடித்துவிடலாம். ஆனால் அந்நூதனசாலையில் மிகப்பெரிய காட்சிப்பொருள் கூடையன்று, அறைதான். ஏறத்தாழப் பத்தடிக்குப் பன்னிரண்டடி. முன்னே ஒடுங்கிய விறாந்தை. ஒரே சுவரின் இருபுறமும் இரு குடும்பங்கள். காப்பித் தோட்டக் காலத்திலிருந்து வந்த அமைப்பு இது. 1823ஐத் தொடக்கமாகக் கொண்டு மலையகத் தமிழர் தமது வருகையின் இருநூறாவது ஆண்டை 2023இல் நினைவுகூர்ந்தபோது, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை முன்னோர் வந்த வழியே நடந்து சென்றவர்கள் முன்வைத்த கோரிக்கைகளுள் வீடும் நிலமும் இருந்தன. ஏனெனில் லயன் அறை பழம்பொருள் ஆகிவிடவில்லை. நூதனசாலையாக்கப்பட்ட அறையைப் போன்ற அறைகளில் மலையகமெங்கும் பல குடும்பங்கள் இன்றும் சமைக்கின்றன, உறங்குகின்றன, பிள்ளைகளைப் பரீட்சைக்குப் படிப்பிக்கின்றன. அப்பிள்ளைகளுட் சிலர் எமது கலைப்பீடத்தில் எம்மோடு அமர்ந்திருக்கின்றனர்.

குமாரசுவாமி தம் வாழ்நாள் முழுவதும் பயன்பாட்டிலிருந்து நீங்கி நூதனசாலைக்குப் போய்ச்சேர்ந்த பொருள்களுக்காக வருந்தினார். நூதனசாலைக்குப் போயிருக்க வேண்டிய பொருளொன்று இன்னும் பயன்பாட்டிலேயே இருப்பதற்காக வருந்த நேரும் என்பது அவர் சிந்தனையில் எங்கும் எழவில்லை. பொஸ்ரன் நகரத்துப் பார்வையாளன் இராசபுத்திர ஓவியத்தின் முன் நின்று, இது எதற்கு ஆக்கப்பட்டது என்று கேட்டு அறியவேண்டியவன். அடுத்த லயத்திலிருந்து கம்பளை நூதனசாலைக்கு வரும் சிறுமிக்கு அதனை எவரும் விளக்கவேண்டியதில்லை. அடுப்பு எந்த மூலையில் இருக்கும், மழைக்காலத்தில் எப்பக்கம் ஒழுகும் என்று காப்பாளருக்கு அவளே சொல்லிவிடுவாள்.